விசுவாசமுள்ள சமையல்காரர் தேவை

போன மாதம், நான் முன்பு சமையல் வேலை பார்த்த ஏற்காட்டு முகாம் இல்லத்தின் இப்போதைய மேலாளர் கிளியூருக்கு என் வீடு தேடி வந்தார். இளவயதுக்காரர். இல்லத்துக்கு ஆண்டு விழா மலர் போடுகிறார்களாம், பழைய ஊழியர்களிடம் கட்டுரை வாங்குகிறார்களாம். "உங்க விசுவாச அனுபவத்தை எழுதிக் குடுங்கண்ணே, நாலு பக்கம் போதும்" என்றார். நான் சிரித்துவிட்டேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. புரியும்படி எழுதிக் கொடுத்தால் மலரில் போடுவார்களா என்பது சந்தேகம்தான். இருந்தாலும் எழுதுகிறேன்.

இப்போது அந்த இல்லத்தில் சமையல்காரர் என்று ஒருவர் கிடையாது. முகாம் நடந்தால் சேலத்திலிருந்து கேட்டரிங்காரர்கள் வேனில் வந்து இறங்கி, சமைத்துப் போட்டுவிட்டு, அண்டாவைக் கழுவி ஏற்றிக்கொண்டு மலையிறங்கிவிடுகிறார்கள். அவர்களிடம் யாரும் என்னைக் கேட்ட கேள்வியைக் கேட்பதில்லை. கொடுத்து வைத்தவர்கள்.

நான் தொழில் கற்றது ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பகுதியில் இருந்த காதர் பாயின் சாப்பாட்டுக் கடையில். முதலில் வெங்காயம், அப்புறம் தண்ணீர், அப்புறம் அடுப்பு, கடைசியில்தான் பிரியாணிச் சட்டி. பாய் வாயால் சொல்லிக் கொடுத்தது கொஞ்சம், முறைத்துக் கற்றுக் கொடுத்தது அதிகம். ஐந்தாறு வருடத்தில் நான் தேறினேன். அதற்குள் அவருடைய பிள்ளைகளும் வளர்ந்து கல்லாவுக்கும் அடுப்புக்கும் ஆளாகிவிட்டார்கள். கடையில் நான் ஒரு ஆள் அதிகம் என்பது பாய்க்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த நேரத்தில்தான் எஸ்தரம்மா கடைக்கு வந்தார். நாகலூர் போகும் பாதையில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு திருச்சபை நடத்திய முகாம் இல்லத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முன்பு பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. வெள்ளைச் சேலை, முழங்கை வரை ரவிக்கை, கையில் மழை இல்லாவிட்டாலும் குடை. பாயிடம் அவர், "விசுவாசமுள்ள சமையல்காரர் ஒருத்தர் வேணும். தெரிஞ்சா அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாய் உடனே என்னைக் கூப்பிட்டார். "ராஜு, உனக்குன்னே ஒரு வேலை வந்திருக்குது. அந்தம்மா கேக்கறது விசுவாசமான ஆளு. உன்னைவிட விசுவாசமான பையன் இந்த மலையிலேயே கெடையாதுன்னு நான் சொன்னேன்னு போய்ச் சொல்லு" என்றார்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் விசுவாசம் என்றால் சோறு போட்டவரை மறக்காமல் இருப்பது. நாய்க்கு உண்டு என்பார்கள், சில வேலைக்காரர்களுக்கும் உண்டு என்பார்கள். அதே சொல்லை வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், கடவுளை முழு மனதோடு நம்புவதற்குச் சொல்கிறார்கள் என்பதும், அப்படி நம்புகிறவரைத்தான் விசுவாசி என்கிறார்கள் என்பதும் எனக்கும் தெரியாது, பாய்க்கும் தெரியாது.

மறுநாள் இல்லத்தின் அலுவலக அறையில் எஸ்தரம்மா முன்னால் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார்.

"உனக்கு விசுவாசம் உண்டா?"

"நொம்ப உண்டுங்கம்மா."

"எப்பலேருந்து?"

"காதர் பாய் கடையில சேந்த நாள்லேர்ந்துங்க."

அம்மாவுக்கு ஆச்சரியம். "பாய் கடையிலயா? அவரு ஒண்ணும் சொல்லலியா?"

"அவரு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவாருங்க."

அம்மா குரலைத் தாழ்த்தி, "கஷ்டம் வந்தா விசுவாசத்த விட்டுருவியா?" என்றார்.

"சம்பளம் ஒரு மாசம் முன்னப்பின்ன ஆனாலும் உட மாட்டனுங்க."

"சம்பளத்தையும் இதையும் ஒண்ணாச் சேத்துப் பேசாத" என்று கண்டித்தார். ஆனால் அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டார். ஒரு முஸ்லிம் பெரியவர் கடையில் இருந்துகொண்டே ஒருவன் வேத விசுவாசத்தைக் காப்பாற்றி, அதை அந்தப் பெரியவரே மெச்சியிருக்கிறார் என்று அவர் மனம் குளிர்ந்திருக்கிறது. அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

எஸ்தரம்மாவின் ஒழுங்குகள் கறாரானவை. மணி அடித்ததும் சாப்பாடு மேசைக்கு வந்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மூடி இருக்க வேண்டும். முகாமுக்கு வந்தவர்கள் பெஞ்சுக்குப் பின்னால் எழுந்து நிற்பார்கள். வந்திருக்கும் போதகர் ஜெபிப்பார். சமையல்காரனான நான் அடுப்படி வாசலில், தலையில் ஒன்றும் இல்லாமல், கையைக் கோத்து, கண்ணை மூடி நிற்க வேண்டும். ஆமென் சொன்ன பிறகுதான் மூடியைத் திறக்கலாம். முதல் நாள் நான் அரைக்கண்ணைத் திறந்து பார்த்தேன். எஸ்தரம்மா முழுக் கண்ணையும் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் இறுக்கி மூடிக்கொள்வேன்.

என் தொழிலுக்கு எமன் இந்த ஜெபத்தின் நீளம்தான். ஏற்காட்டுக் குளிரில் போதகர் கொஞ்சம் உருகிவிட்டால் சாம்பார் உறைந்துவிடும். பூரி என்றால் கேட்கவே வேண்டாம். பொரித்து வைத்துவிட்டு ஜெபத்துக்கு நின்றால், ஆமென் வரும்போது அது ஈரத்துணி மாதிரிக் கிடக்கும். பல நாள் கவனித்துப் பார்த்து நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எந்தப் போதகராக இருந்தாலும் முடிக்கப் போகும் நேரத்தில், இந்த உணவைச் சமைத்த கைகளையும் ஆசீர்வதிக்கும்படி ஒரு வரி வரும். அந்த வரி காதில் விழுந்தால் ஆமென் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நொடியில் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து, காய்ந்த எண்ணெயில் முதல் பூரியைப் போடுவேன். அவர்கள் ஆசீர்வதிக்கிற நேரத்தில் அந்தக் கைகள் எண்ணெய்ச் சட்டிக்கு மேலேதான் இருக்கும். பூரி உப்பி வந்ததைப் பார்த்தால் ஆசீர்வாதம் பலித்தது என்றே நினைக்கத் தோன்றும். எஸ்தரம்மா இதைக் கவனித்தார். சூடான பூரி தட்டுக்கு வந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

சேர்ந்து சில மாதம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா அடுப்படிக்கு வந்து, "ராஜு, ஞாயித்துக்கிழம சாயங்காலம் கூட்டத்துல நீ சாட்சி சொல்லணும்" என்றார்.

சாட்சி என்றால் நான் அறிந்தது கோர்ட்டும் கூண்டும்தான். என்ன கேசு, யார்மேல் கேசு? அந்த வாரம் விறகு இறக்கிய வண்டிக்காரனுக்கும் தோட்டக்காரருக்கும் ஒரு வாக்குவாதம் நடந்திருந்தது. நான் அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கேட்டால் அதைத்தான் கேட்பார்கள். மத்தியானம் வேலை முடிந்ததும் ஒண்டிக்கடைக்கு ஓடினேன்.

"பாய், சாட்சி சொல்லச் சொல்றாங்க. என்ன கேசுன்னே தெரியலீங்க."

பாய் கல்லாவில் இருந்தபடியே யோசித்தார். "கேசு எதுவா இருந்தா உனக்கென்ன? கண்ணால பாத்ததைச் சொல்லு. பாக்காததை யாரு மெரட்டினாலும் பாத்தேன்னு சொல்லாதே. தீந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை மாலை கூடம் நிறைய ஆட்கள். எஸ்தரம்மா என் பெயரைச் சொல்லி அழைத்தார். போய் நின்றேன். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். நான் கையைக் கூப்பிக்கொண்டு, "நான் எதையும் கண்ணால பாக்கலீங்க. சத்தியமாப் பாக்கலீங்க. ஆனா இந்த ஊட்டுல சோறு திங்கறேன், விசுவாசமாத்தான் இருக்கறேன். அவ்வளவுதானுங்க எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, போலீஸ் யாராவது நிற்கிறார்களா என்று வாசலைப் பார்த்தேன்.

முன் வரிசையில் இருந்த வயதான போதகர் எழுந்து, "பார்த்தீங்களா? கண்ணால ஒண்ணையும் பார்க்காமலே இந்தத் தம்பி விசுவாசமா இருக்காரு! நாமெல்லாம் ஆண்டவர்கிட்ட எவ்வளவு அடையாளம் கேக்குறோம்!" என்றார். கூடமே ஆமென் என்று முழங்கியது. இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எஸ்தரம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

அன்று இரவு பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு மெல்ல உறைத்தது. இவர்கள் சொல்லும் விசுவாசம் வேறு, நான் கொண்டுவந்த விசுவாசம் வேறு. சாட்சி என்று இவர்கள் சொல்வதும், கடவுள் தமக்குச் செய்ததைக் கூட்டத்தில் எழுந்து சொல்வதைத்தான். மறுநாளே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படி ஆரம்பிப்பது? "அம்மா, நேத்து நீங்க சந்தோசப்பட்டது தப்புங்க" என்றா? பழனியம்மாவைக் கல்யாணம் கட்டிய புதிது வேறு. வேலை போனால் பாய் கடைக்குத்தான் திரும்ப வேண்டும், அங்கே இடமில்லை. சொல்லலாம் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டே வருடங்கள் ஓடிவிட்டன. காலையில் பழனியம்மா பூசிவிடும் திருநீறு, கிளியூரிலிருந்து மேடேறி வருவதற்குள் வேர்வையில் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சர்ச்சுக்குப் போகும்போது நான் அத்தனை பேருக்கும் குழம்பு வைத்துக்கொண்டிருப்பேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதற்குள் என் சாட்சி மட்டும் ஊர் ஊராகப் போய்விட்டது. புதிதாக முகாமுக்கு வருகிறவர்கள் அடுப்படியை எட்டிப் பார்த்து, "காணாமலே விசுவாசிச்ச சமையல்காரர் இவருதானா?" என்று கேட்பார்கள். நான் கரண்டியைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். அதையும் அடக்கம் என்று மெச்சுவார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் பையனுக்கு டைபாய்டு வந்தது. கீழே சேலம் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தோம். ஐந்து வயதுப் பிள்ளை, கையைத் தூக்கக் கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். எஸ்தரம்மா மலையிறங்கி வந்து கட்டில் பக்கத்தில் நின்று ஜெபித்தார். மேலே இல்லத்தில் முகாமுக்கு வந்திருந்தவர்களையும் அவனுக்காக ஜெபிக்கச் சொன்னார். பழனியம்மா வராந்தாவில் உட்கார்ந்து, பிள்ளை பிழைத்தால் அப்பனுக்கும் பிள்ளைக்கும் மொட்டை என்று ஊர் மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துகொண்டிருந்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன் நான். எனக்கு இருவர்மேலும் நம்பிக்கை இருந்தது. டாக்டர்மேல்தான் கொஞ்சம் குறைவு. காய்ச்சல் இறங்கியது.

பிள்ளை தேறியதும் பழனியம்மா நாள் குறித்துவிட்டாள். நான் தயங்கினேன்.

"ஏனுங்க, சாமிகிட்டச் சொன்னதைச் செய்யாம உட்டா நாளைக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள்.

மொட்டை அடித்துக்கொண்டோம். மறுநாள் முதல் குரங்குக் குல்லாவோடு வேலைக்குப் போனேன்.

மே மாதம், வாலிபர் முகாம். அடுப்படியில் இரண்டு பெரிய அடுப்பு எரிகிறது. குல்லாவுக்குள் தலை வெந்துகொண்டிருந்தது. "அடுப்பு முன்னால எதுக்குய்யா குல்லா?" என்றார் அம்மா. "சளிங்கம்மா" என்று இருமிக் காட்டினேன். ஜெப நேரத்தில் மளிகை அறைக்குள் புகுந்துகொண்டு பருப்பு டின்னைத் தேடினேன். இப்படியே முடி வளர்ந்துவிடும் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல.

அந்த வாரமே கமிட்டிச் செயலாளர் காரில் வந்து இறங்கினார். கமிட்டிதான் இல்லத்துக்கு மேலே. பெரிய மனிதர், தங்க பிரேம் கண்ணாடி. மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றபோது அவர், "நம்ம சமையல்காரர் சாட்சியைப் பத்தி நெறைய கேள்விப்பட்டிருக்கேன். இன்னைக்கு அவருக்காக ஜெபிக்கலாம், கூப்பிடுங்க" என்றார்.

என்னை நடுக்கூடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். செயலாளர் அன்பாக, "தம்பி, குல்லா" என்றார். கழற்றினேன். வாலிபர்கள் பக்கம் களுக்கென்று ஒரு சிரிப்பு. செயலாளர் அதற்குள் கண்ணை மூடியிருந்ததால் ஒன்றும் பார்க்கவில்லை. என் தலைமேல் கை வைத்து நீளமாக ஜெபித்தார். வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று பழனியம்மா அன்று காலையில் தலை நிறையச் சந்தனம் அரைத்துப் பூசியிருந்தாள். குல்லாவுக்குள் வேர்த்து அது குழைந்து கிடந்தது. ஆமென் சொல்லிக் கையை எடுத்த செயலாளர் உள்ளங்கையைப் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"திருப்பதியா?" என்றார்.

"இல்லீங்க. கிளியூர் மாரியாத்தா" என்றேன். அந்த நேரத்தில் வேறென்ன சொல்வது?

சாப்பாடு முடிந்ததும் எஸ்தரம்மா அடுப்படிக்கு வந்தார். கதவைச் சாத்தினார். அவர் கோபத்தில் கத்துகிறவர் இல்லை. வார்த்தைகள் தனித்தனியாக வரும்.

"நாங்க அத்தன பேரும் உன் பிள்ளைக்காக ஜெபிச்சோமே, ராஜு."

"உங்க ஜெபத்துக்குத்தானுங்கம்மா காச்சல் எறங்குச்சு. நான் மறக்கலீங்க. ஆனா ஊட்டுல அவ முன்னாடியே ஆத்தாகிட்டச் சொல்லீட்டா. சொன்னதைச் செய்யாம இருக்க முடியலீங்க."

"அப்ப நீ விசுவாசி இல்ல. என்கிட்ட எதுக்கு விசுவாசின்னு பொய் சொன்ன?"

"பொய் சொல்லலீங்கம்மா. நீங்க விசுவாசம் உண்டான்னு கேட்டீங்க. எனக்கு உண்டுங்களே. பாய்கிட்டக் கேட்டுப் பாருங்க."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்படியே நிறுத்தினார். அவர் கண் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தது. உதடு மெல்ல அசைந்தது. அலுவலக அறையில் அன்று நடந்த பேச்சை வரி வரியாகத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. "சம்பளம் முன்னப்பின்ன ஆனாலும்..." என்று முணுமுணுத்தார். "அப்ப... அந்தச் சாட்சி? என்னத்தப் பாக்கலன்னு சொன்ன?"

"வெறகு வண்டிக்காரனும் தோட்டக்காரரும் சண்ட போட்டதைங்க."

எஸ்தரம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறித் தண்ணீர் மொண்டு நீட்டினேன். முந்தானையை எடுத்தபோதுதான் தெரிந்தது, சிரித்துக்கொண்டிருந்தார். என் தலையைப் பார்ப்பார், திரும்பச் சிரிப்பார். பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர் மாதிரி, "சாயங்காலக் கூட்டத்துக்கு டீ கொண்டா" என்று சொல்லிப் போய்விட்டார்.

டீ கொண்டுபோனபோது அலுவலக அறையில் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். வேலைக்காரர்கள் எல்லோரும் விசுவாசிகளாக இருக்க வேண்டும் என்பது கமிட்டியின் விதி. செயலாளர் அதைச் சொல்லி, "ஏமாத்தி வேலையில சேந்திருக்காரு. வச்சிருக்க முடியாதும்மா" என்றார். வேலை போயிற்று என்று எனக்கு முடிவாகத் தெரிந்துவிட்டது. டீத் தட்டை மேசையில் வைத்தேன்.

எஸ்தரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஐயா, நான் தமிழ் டீச்சர். ஒரு கேள்விக்கு ரெண்டு அர்த்தம் வருதுன்னா கேள்வியிலதான் தப்பு. பரீட்சையில அப்படி நடந்தா, பதில் எழுதின பிள்ளைக்கு முழு மார்க் போடணும். கேள்வி கேட்டது நான். அவரு தமிழ்லதான் பதில் சொன்னாரு."

செயலாளர் டீயைக் குடித்தார். நல்ல டீ. அதை நான் வேண்டுமென்றேதான் நன்றாகப் போட்டிருந்தேன். "விதின்னு ஒண்ணு இருக்கேம்மா" என்றார். குரலில் பாதி வேகம் குறைந்திருந்தது.

கடைசியில் ஒரு வழி கண்டார்கள். விசுவாசியான சமையல்காரர் ஒருவர் கிடைக்கும் வரை நான் தற்காலிகமாக இருக்கலாம். அவர்களும் தேடினார்கள். கீழேயிருந்து வந்த ஒருவர் முதல் மழைக்கே குளிர் தாங்காமல் பஸ் ஏறிவிட்டார். இன்னொருவர் நல்ல கைப்பக்குவக்காரர், ஆனால் அவரைச் சேலத்து ஹோட்டல்காரர் ஒருவர் கூட்டிப்போய்விட்டார். அப்புறம் தேடுவதைக் கமிட்டி மறந்துவிட்டது. நான் தற்காலிகமாகவே வேலை பார்த்து, தற்காலிகமாகவே தலை நரைத்தேன். ஒரு மாறுதல் மட்டும் நடந்தது. யாராவது வந்து என் சாட்சியைப் பற்றிக் கேட்டால், அம்மா அவசரமாக, "அடுப்புல வேல இருக்கு, அவர விடுங்க" என்று துரத்திவிடுவார். ஜெப நேரத்தில் நான் நிற்க வேண்டிய கட்டாயமில்லை என்றும் சொன்னார். நான்தான் நின்றேன். பழகிப்போயிருந்தது.

தொண்ணூறுகளில் எஸ்தரம்மா ஓய்வு பெற்றுத் தம்பி வீட்டுக்குக் கிளம்பினார். நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பனி இறங்கி ஏரிப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்காரவைத்துவிட்டு, கீழே இறங்கி நின்றேன். வழிக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்திருந்தேன். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ராஜு, ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும். இத்தன வருசமா எங்க ஜெபத்துல கண்ண மூடிக்கிட்டு அவ்வளவு பக்தியா நிப்பியே. மனசுக்குள்ள யார நெனச்சுக்கிட்டு நிப்ப?"

மாரியாத்தாளை என்று சொல்லியிருக்கலாம். அம்மாவும் ஏற்றுக்கொண்டிருப்பார். ஆனால் இவ்வளவு காலத்துக்கு அப்புறம் எனக்கே அலுத்துவிட்டது.

"யாரையும் இல்லீங்கம்மா. கொழம்புல உப்புப் போட்டனா இல்லியான்னு நெனச்சுட்டு நிப்பனுங்க."

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். எஸ்தரம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் குனிந்தார். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல் குரலை இறக்கினார்.

"நானும் அதத்தாம்ய்யா நெனப்பேன்" என்றார். "நீ போட்டியோ இல்லியோன்னு."